பாக்கெட்டில் ஒரு பேனா

ஜூன் 9, திங்கள்

மழை. பஸ் ஜன்னலுக்குத் தார்ப்பாய் இறக்கியே கூடலூர் வரை. குடைக் கம்பி ஒன்று ஒடிந்தது.

போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்து எட்டாம் நாள். முதலாளி கதிர்வேல் அண்ணன் (இனி க.அ.) இன்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, கம்ப்யூட்டர் தெரியும்னு சொல்லித்தான வந்தீங்க? டைப் அடிக்கத்தான் தெரியுது. இங்க போட்டோஷாப் தெரியோணும். சனிக்கெழமைக்குள்ள ஒரு படத்த முழுசா நீங்களே செஞ்சு காட்டுங்க. ஆகலீன்னா நான் வேற ஆள் பாத்துக்கறனுங்க."

"யார்கிட்ட கத்துக்கிறது அண்ணே?"

"எனக்கே தெரியாதுங்களே. எனக்கு கேமரா தெரியும், இருட்டு ரூம்ல கழுவத் தெரியும். இதெல்லாம் பைஜு சமாச்சாரம்."

பைஜு எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். துபாய் போய்விட்டார். போகும்போது கம்ப்யூட்டரையும் நிரப்பிவிட்டுப் போனார். டிஸ்க்கில் இடமில்லை என்று பெட்டி பெட்டியாகச் செய்தி வருகிறது. அதற்கும் உத்தரவு: 'அஞ்சலி' என்றொரு ஃபோல்டர், செத்தவர்கள் படம் எல்லாம் அதில். சனிக்கிழமை அதை அழித்துவிட வேண்டும்.

சனி தாண்டினால் ஞாயிறு. ஞாயிறு காலை திருப்பூர் பனியன் கம்பெனி வேன் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும். அம்மா என் பேரையும் கொடுத்து வைத்திருக்கிறாள். போன முறை போன ஏழு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்திக்கு இருமல். இன்னொருத்தி என்ன நடந்தது என்று சொல்லவே இல்லை. டிகிரியில் இரண்டு வருடம் முடித்தவள் நூல் வெட்டப் போவதா என்று கேட்டால், "தோட்டத்துல மட்டும் வேலை இருக்கா?" என்கிறாள். இல்லைதான். ஃபாக்டரி வாரத்துக்கு மூன்று நாள். கொழுந்து பறிக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். டீக்கு விலையில்லை என்று துரைமாருக்கு வந்த கஷ்டம் முதலில் எங்கள் அடுப்புக்குத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா அப்பா படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மழைக்காலத்தில் பூஞ்சை ஏறும். துடைக்கிறபோதெல்லாம் அதே பேச்சு.

"இந்த வெள்ளைச் சட்டைய யாருகிட்ட இரவல் வாங்குனாரோ. பாக்கெட்டுல பேனா வேற. ஒரு வார்த்த சொல்லாம கூடலூர் போய் போட்டோ புடிச்சிருக்காரு. யாருக்குக் காட்ட?"

மூன்று வருடமாக இதே கேள்வி. அப்பா இறந்தபோது சித்தப்பாதான் போஸ்டருக்கு ஏற்பாடு செய்தார். எந்தப் படத்தைக் கொடுத்தார், யாருக்கும் தெரியாது. அடுத்த மாதமே அவரும் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே தவறிப்போனார். எங்களிடம் மிஞ்சியது இந்தச் சட்டமிட்ட படம் மட்டும்.

நானும் இன்றுவரை நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பாவுக்கு எங்களுக்குத் தெரியாத ஒரு நாள் இருந்தது என்று.

ஜூன் 10, செவ்வாய்

மழை. கரண்ட் மூன்று தரம் போனது.

எங்கே கற்பது. இன்று அலைந்தவை:

ஊட்டி கம்ப்யூட்டர் சென்டருக்கு போன். எடுத்தவள் மூன்று மாதப் படிப்பு என்றாள். எனக்கு இருப்பது நான்கு நாள். "உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?" என்றாள். என் ஊர் சேரம்பாடி என்று சொன்ன பிறகு கேட்டாள், முன்னால் கேட்கவில்லை.

பிரௌசிங் சென்டர். அரை மணி. பாடம் நிறைய இருக்கிறது, உண்மை. எல்லாம் ஆங்கிலம். ஒரு பக்கம் திறக்கப் பாதி நேரம், படம் மேலிருந்து கீழே பனி விலகுகிற மாதிரி வருகிறது, கழுத்து வரை வந்ததும் நின்றுவிடுகிறது. படமில்லாமல் படப் பாடம்.

பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு தமிழ்ப் புத்தகம். அட்டையில் ரோஜா. எழுதிய மனிதர் கண்ணில் பட்டதையெல்லாம் தமிழாக்கிவிட்டார். 'மாயக்கோலை எடுக்கவும்.' 'சுருக்குக் கயிற்றால் வளைக்கவும்.' 'விளிம்பை இறகிடவும்.' திரையில் இருப்பதோ முழுக்க ஆங்கிலம். விளிம்பை எங்கே போய் இறகிட? கோழிக்கடையிலா? ஒரு மணி நேரம் தேடி மாயக்கோலைக் கண்டுபிடித்தேன். இறகு இன்னும் சிக்கவில்லை.

'நகல் முத்திரை' என்று ஒரு கருவி. முகத்தில் உள்ள பருவையும் கறையையும் நீக்குமாம். பக்கத்துத் தோலை நகலெடுத்து மேலே முத்திரை குத்துவது. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் பாஸ்போர்ட் படத்தில் சோதித்தேன். ஒரு பெட்டி வந்தது. ஓகே கொடுத்தேன். மறுபடி பெட்டி. மறுபடி ஓகே. பரு அப்படியே.

க.அ. எட்டிப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்குப் பரு இருந்தா இருந்துட்டுப் போவுது. கம்ப்யூட்டரக் கெடுத்துப்போடாதீங்க அம்மிணி."

இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். சுவரில் பின்னணிப் படங்கள் மாட்டியிருக்கிறது: ஐரோப்பா பனிமலை, தாஜ்மகால், மாடிப்படி, தேயிலைத் தோட்டம். தோட்டத்தை எடுப்பவர்கள் எல்லாம் கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள். எங்கள் ஆட்கள் மாடிப்படிதான் கேட்கிறார்கள். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு சிரித்துப் படம் எடுக்கிறார்களே, அந்தக் கூடை காலி. காலிக் கூடையில் யாரும் சிரிக்கலாம்.

ஜூன் 11, புதன்

தூறல். அட்டை கடித்து இடது கணுக்காலில் ரத்தம். உப்பு வாங்க வேண்டும்.

இன்று ஃபாக்டரி இல்லாத நாள். சங்கு ஊதவில்லை. ஐந்தரைக்கு எழுப்புகிற சங்கு இல்லாமல் நேரத்துக்கு எழுந்துவிட்டேன், உடம்புக்கு இன்னும் தெரியவில்லை போலும்.

சின்ன வயதில் இந்த நேரத்துக்கு வாசனை வரும். இலை வதங்கி, உருண்டு, சூடாகி, கொஞ்சம் ஆப்பிள் மாதிரி, கொஞ்சம் ஈரத் துணி மாதிரி. அப்பாவுக்கு ரோலிங் ரூமில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அந்த வாசனை ஆளுக்கு முன்னால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வரும். விரல் நகமெல்லாம் பழுப்பு. அந்த விரலால் சோறு பிசைந்து கொடுப்பார். துவர்க்குமா என்று நக்கிப் பார்ப்பேன். துவர்க்கும்.

அம்மா இன்றும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "சிலோன்ல பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் பிந்துனா திருப்பி அனுப்பிருவாங்க. இங்க நேரத்துக்குப் போனாலும் திருப்பி அனுப்புறாங்க" என்றாள். பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிடுகிற களம். சிலோனை விட்டு வரும்போது அவளுக்குப் பதினாலு வயது. இன்னும் 'முடியாது' என்று சொல்ல வராது, 'ஏலாது'தான்.

கடையில் ஒரு சி.டி. கிடைத்தது, பைஜு மேஜை அடியில். சுல்தான் பத்தேரியில் வாங்கியது, மலையாளப் பாடம். ஒரு ஆள் மிக நிதானமாகப் பேசுகிறார். "இனி நமுக்கு லேயர் எந்தாணென்னு நோக்காம்." லேயர் என்னவென்று இனிப் பார்ப்போம் என்கிறார். எந்தப் புத்தகத்தையும்விட இவர் பேச்சு புரிகிறது. லேயர் என்றால் படத்தின் மேல் படம், கண்ணாடித் தாள் மேல் கண்ணாடித் தாள். தாளுக்குப் பக்கத்தில் ஒரு கண் வரைந்திருக்கும். கண்ணை மூடினால் அந்தத் தாள் மறையும், அடியில் உள்ளது தெரியும்.

நாலாம் பாடத்தில் சி.டி. கீறல். "இனி நமுக்கு, இனி நமுக்கு, இனி நமுக்கு."

க.அ. உள்ளேயிருந்து: "அந்தாளுக்கு என்னதான் வேணுமாமா?"

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. அதிசயம்.

பாடம் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் என் காலடியில் இருந்திருக்கிறது.

அழிக்கச் சொன்ன 'அஞ்சலி' ஃபோல்டரில் ஒன்றைச் சும்மா திறந்தேன். யாரோ ஒரு பெரியவர். பக்கத்தில் லேயர் வரிசை, அப்படியே, ஒட்டாமல். பைஜு எதையும் ஒன்றாகச் சேர்த்து மூடவில்லை. டிஸ்க் நிறைந்ததற்குக் காரணமே அதுதான். க.அ. திட்டுகிற அந்தச் சோம்பேறித்தனம்தான் எனக்குப் புத்தகம்.

ஒவ்வொரு கண்ணாக மூடினேன். விளக்குச் சுடர் போனது. மாலை போனது. நீல வானமும் மேகமும் போனது. தாடைக்குக் கீழே ஒரு மங்கலான கறுப்பு, தனித் தாளில். எதற்கு என்று புரியவில்லை. அதன் கண்ணை மூடியதும் தலை சட்டைக்கு மேல் மிதந்தது, வேறு ஆள் தலை மாதிரி. திறந்தேன், உட்கார்ந்தது. அப்போது புரிந்தது, கழுத்து நிழல். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கறுப்பின் விளிம்பு மங்கியிருந்தது, அதுதான் இறகு. ரோஜா அட்டைக்காரருக்கு ஒரு வணக்கம்.

மதியம் சாப்பிடவில்லை. ஒன்பது படம் திறந்து மூடினேன். பார்த்ததை வேறு படத்தில் செய்தேன், கெடுத்தேன், மறுபடி திறந்து பார்த்தேன்.

நகல் முத்திரையும் பிடிபட்டது. மூன்று நாளாக ஓகே கொடுத்து மூடிய பெட்டியை இன்றுதான் படித்தேன். எந்தச் சாவியை அழுத்திக்கொண்டு முதலில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆங்கிலம் என்றதும் படிக்காமலே தலையாட்டியிருக்கிறேன். ஊட்டிக்காரி கேட்டதற்குக் கோபப்பட்டேனே.

இன்னொன்று. ஒன்பதில் எட்டுப் பேருக்கு ஒரே சட்டை. அதே வெள்ளை, அதே காலர் மடிப்பு, பாக்கெட்டில் அதே பேனா மூடி. தேவர்சோலைக்காரர், பந்தலூர்க்காரர், எங்கள் தோட்டத்திலேயே பக்கத்து டிவிஷன்காரர். உயிரோடு இருந்தவரை கம்பளியும் குல்லாயும். செத்தபின் எல்லோருக்கும் யூனிஃபார்ம். ஒன்பதாவது ஒரு தோட்டத்து மானேஜர். அவருக்கு அவர் கோட்டே இருந்தது, பைஜு தொடவில்லை.

அந்தப் பேனா மூடியை எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதுதான் எங்கே பார்த்தேன் என்று உறைத்தது. இறங்கித் திரும்பிப் போக முடியாது. நாளை.

ஜூன் 13, வெள்ளி

மழை வலுத்தது. பஸ் பிந்தியது. ஒன்பதே முக்கால்.

பெயர் வரிசையில் தேடினேன். 'சிவலிங்கம் சேரம்பாடி ஓகே'. அப்பா.

உடனே திறக்கவில்லை. மூன்று பாஸ்போர்ட் படம் வெட்டினேன். கடையில் ஆள் இல்லாதபோது திறந்தேன்.

சுடர் மூடினேன். மாலை. வானம். கழுத்து நிழல். கடைசியில் சட்டை.

அடியில் அப்பா, சாம்பல் கம்பளி ஸ்வெட்டர், முழங்கை கிழிந்தது. பின்னால் ரோலிங் மிஷின், அதன் உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்களை ஃபாக்டரிக்குள் விடுவார்கள். அந்த ஒரு நாள்தான் மிஷின்களுக்கு லீவு. அப்பா கத்தாமல் பேசுகிற ஒரே நாளும் அதுதான், மற்ற நாளெல்லாம் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகி வீட்டிலும் கத்துவார். பொரி, கடலை, ஒரு ஆரஞ்சு. கூடலூரிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார்.

அப்பா தோளில் ஒரு பிள்ளை. நான். நாலு வயது இருக்கும். அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன்.

மேல் தாளில் பைஜு என்னை வெட்டியிருக்கிறார். என் விரல் இருந்த இடத்தில் முடி வரைந்திருக்கிறார், நகல் முத்திரையால். ரொம்ப நன்றாகவே செய்திருக்கிறார். மூன்று வருடம் தினம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

க.அ.விடம் கேட்டேன். "அண்ணே, இந்த வெள்ளைச் சட்டை யாரோடது?"

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னுதுங்க அம்மிணி. கடை தொறந்தன்னிக்குப் போட்டது. அந்தப் படத்துல இருந்துதான் பைஜு வெட்டி எடுத்தான். பேனாகூட எம் பேனாதானுங்க, மாமனார் குடுத்தது. இந்த மலையில பாதிப் பேருக்கு நான்தான் சட்டை போட்டு உட்டிருக்கேன்."

"இது எங்க அப்பா."

சிரிப்பு நின்றது. "எடுத்துக்கோ கண்ணு. பெருசா பிரிண்ட் போட்டுக்கோ" என்றார். அதுவரை 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

ஸ்வெட்டர் படத்தைப் பிரிண்ட் எடுத்தேன். நெகடிவும் ஒரிஜினலும் எங்கே என்று கேட்டேன். போன மழையில் பீரோ நனைந்ததாம், பழசெல்லாம் ஒட்டிப்போனதாம்.

வீட்டில். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். படத்தைக் கையில் கொடுத்தேன். முழுக்கச் சொன்னேன், சட்டை யாருடையது, பேனா யாருடையது, எப்படி வெட்டி ஒட்டுவது. புரிய இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப அவரு கூடலூர் போகல?"

"போகல."

"யாருக்கும் காட்ட எடுக்கல?"

"இல்லம்மா. ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்தது. நானும் இருக்கேன் பாரு."

ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "நான் சொன்னேன்ல, இரவல் சட்டதான்."

பிறகு, "மனுசன மூணு வருசமா திட்டிப்புட்டேன்" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை.

நான் சுவரில் உள்ளதைக் கழற்றப் போனேன். தடுத்தாள்.

"அது இருக்கட்டும். சட்ட நல்லாத்தான் இருக்கு. உயிரோட இருக்கையில ஒண்ணு வாங்கிக் குடுக்க ஏலாமப் போச்சு. இந்தப் பேனாவ மட்டும் எடுத்துரு. அவரு பேனா வச்ச ஆளு இல்ல. அதப் பாத்தாத்தான் வேற யாரோ மாதிரி இருக்கு."

"நாளைக்கு வேல நிலைக்குதான்னே தெரியாதும்மா."

"வேல நிலைச்சா சரி. இல்லாட்டியும் அதச் செஞ்சுட்டு வேன் ஏறு."

ஜூன் 14, சனி

மழை. உப்பு வாங்க மறுபடி மறந்தேன்.

பத்து மணிக்கு தேவர்சோலையிலிருந்து ஒரு அக்கா. புருஷன் போன வாரம் தவறிவிட்டார். இருக்கிற ஒரே படம், லுங்கியோடு மாட்டுக்குப் பக்கத்தில். க.அ. என்னைப் பார்த்தார். இதுதான் பரீட்சை.

நான் அந்த அக்காவிடம் கேட்டேன். "இருக்கிறபடியே பெருசு பண்ணித் தரவா? இல்ல சட்ட மாத்தணுமா?" இருக்கிறபடியே என்று சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். மறைக்கவில்லை.

"லுங்கியோட எப்பிடிம்மா மாட்டுறது? சட்ட போட்டு விடு. அவுங்க அண்ணன்தம்பி எல்லாம் வருவாங்க." மாதிரிப் படத்தைப் பார்த்தார். "இந்தப் பேனாவும் இருக்குமா?"

"இருக்கும்."

"இருக்கட்டும். கணக்கு எழுதுற ரைட்டர் வேலை கேட்டு எத்தன தரம் ஆபீஸ் படி ஏறுனாரு தெரியுமா. எட்டாவது பாசு."

நேற்று முழுக்க மனதுக்குள் ஒரு கோபப் பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன், செத்தவர்களின் யூனிஃபார்ம் பற்றி. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த அக்காவிடம் வைக்க முடியாது. படி ஏற விட்டுவிட்டு வேலை கொடுக்காதவன் இங்கே படம் எடுக்க வரப்போவதில்லை.

மூன்று மணி நேரம். மாட்டை வெட்டினேன். சட்டையைப் பொருத்தினேன். கழுத்து நிழல் மட்டும் ஐந்து தரம். தலை மிதந்தது, மிதந்தது, உட்கார்ந்தது. அந்த அக்கா பிரிண்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டார், நனையாமல்.

க.அ.: "பைஜு ஒரு மணி நேரத்துல முடிப்பான்."

அந்த அக்கா கொடுத்த பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டார்.

"பரவால்லீங்க. திங்கக்கெழம ஒம்போது மணிக்கு வந்துருங்க. அந்த ஃபோல்டரக் காலி பண்ணிட்டுப் போங்க."

'சி.டி.யில் எழுதி வைக்கலாமே' என்றேன். வேண்டாம் என்றார், வாங்கிப் போனவர்கள் யாரும் திரும்பக் கேட்டதில்லையாம். ஒவ்வொன்றாகத் திறந்தேன், எல்லாக் கண்ணையும் மூடி அடித் தாளை ஒரு முறை பார்த்தேன். கம்பளி. குல்லாய். லுங்கி. ஒருவர் கையில் கோழி. ஒரு பாட்டி ஒரு கல்யாணக் கூட்டத்தில் பாதி மறைந்து. பிறகு அழித்தேன். எனக்கு வேலை வேண்டும்.

அப்பாவை மட்டும் அழிக்கவில்லை.

கடைசியாகப் பேனா. பக்கத்து வெள்ளைத் துணியை எடுத்து அதன் மேல் குத்தினேன். பாக்கெட் தையல் கோணியது. திரும்ப. வெள்ளையிலும் இத்தனை வெள்ளை இருக்கிறது என்று இன்றுதான் தெரியும். எவ்வளவு செய்தும் பேனா இருந்த இடத்தில் லேசாக ஒரு பழுப்பு. க.அ. கடையைச் சாத்த ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அப்படியே பிரிண்ட் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

விடியற்காலை மழை விட்டது. பனி.

வேன் ஆறரைக்கு வந்தது. ஹாரன். பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்வி ஏறினாள், என்னோடு பத்தாவது படித்தவள். பச்சைப் பெட்டி. "நீ வரலயாடி?" என்றாள். "ஸ்டுடியோவுல வேல" என்றேன். "அப்ப எனக்கு ஒரு போட்டோ எடுத்து வை, மாடிப்படி வச்சு." இப்போதே எடுத்திருக்கலாம், கேமரா கிடையாது. வேன் ஃபாக்டரி வளைவு திரும்பும்வரை நின்றேன். அவளை நிற்கச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உள்ளே அம்மா சட்டத்தைப் பிரித்துப் புதுப் படத்தை வைத்துவிட்டாள். ஆயுத பூஜைப் படம் பெட்டியில், அவள் சேலைக்கு அடியில். அதை அவள் மட்டும் பார்க்க வேண்டுமாம்.

ஸ்டூல் மேல் ஏறி நின்று மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பாக்கெட்டில் விரல் வைத்தாள்.

"இங்க என்ன பழுப்பா?"

"சரியா வரலம்மா. இன்னும் கத்துக்கணும். நாளைக்கு எடுத்துடறேன்."

"எடுக்காத. கொழுந்துக் கற மாதிரியே இருக்கு" என்றாள். "இப்பத்தான் அவரு போட்ட சட்ட."